சவுண்டல் தழையும் மதாம் வீட்டு நாயும்

போன வாரம் என் தம்பி மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். சேதராப்பட்டில் கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கிறான். படத்தில் ஒரு கிடா. வால் மொட்டை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. "சொறியா மாமி இது?" என்று குரல் பதிவு வேறு. எங்களில் அத்தையை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். உடனே கூப்பிட்டேன்.

"என்னடா தழ போடுற?"

"சவுண்டல்தான் மாமி. காம்பவுண்டு ஓரமா காடா கெடக்கு. ரொம்ப சத்துன்னு யூடியூப்ல சொல்றாங்களே."

"சத்துதான், யாரு இல்லன்னா? மூணுல ஒரு பங்குக்கு மேல போடாத. மிச்சத்துக்கு வேற தழையக் கலந்து போடு. முடி தானா வந்துடும்."

"ஒங்களுக்கு எப்டி மாமி இதெல்லாம் தெரியும்?"

"தெரியும். வையிடா போன" என்று வைத்துவிட்டேன்.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். காலையில் எழுந்ததும் மூக்குக் கண்ணாடியையும் சர்க்கரை மாத்திரையையும் தேடுகிறவர்கள். உங்களுக்குள்ளும் இப்படி ஒன்று எங்காவது கிடக்கும். இல்லை என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள், நான் நம்ப மாட்டேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீடு புதுச்சேரி டவுனுக்குள், பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி. அத்தா கடைத்தெருவில் போட்டோக்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குத் திரும்பியபோது சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு செவலைக் கிடாவைப் பிடித்து வந்து கொல்லையில் கட்டியதுதான்.

"இந்தப் பக்ரீதுக்கு நம்ம வீட்டுல தின்னு வளந்த கிடாயத்தான் குர்பானி குடுக்கப் போறேன். உசுரோட திருப்பி அனுப்பினானே, அதுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை எங்கள் வீடு குர்பானிக் கறியை வாங்கிக்கொள்ளும் வீடு. அந்த வருஷம்தான் கொடுக்கிற வீடாக ஆகப் போகிறோம். அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிடாவைப் பற்றியே பேசினார். ஆனால் ஒன்று. குர்பானிக்குக் கொடுக்கிற ஆட்டில் குறை இருக்கக் கூடாது. கண் பழுதாகக் கூடாது, நொண்டக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது, சொறி இருக்கவே கூடாது. அதனால் கிடாவை வளர்க்கும் பொறுப்பு சும்மா ஆடு மேய்க்கிற விஷயமில்லை. அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. தம்பிக்கு மூன்று வயது. வேறு யார் இருக்கிறார்கள்?

டவுனுக்குள் தழைக்கு எங்கே போவாய் என்று கேட்பீர்கள். போகத் தெரிந்தவர்களுக்கு டவுனெல்லாம் தழைதான். வைத்திக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மா கூடையைப் பூவரசங்கிளையால் மூடிக்கொண்டு வருவார். விற்று முடிந்ததும் கிளைகளை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போவார். மீன் கவிச்சை போகக் கழுவி உதறிப் போட்டால்தான் கிடா வாயில் வைக்கும். ஒரு சர்க்கார் ஆபீஸ் பின்புறம் ஆலமரம். அங்கே வாட்ச்மேன் தாத்தா நல்ல மனநிலையில் இருந்தால் கிளை கிடைக்கும், இல்லாவிட்டால் திட்டு. இரண்டு தெரு தாண்டி ஒரு பலாமரம். மதிலுக்கு வெளியே விழும் இலைகளை ஒரு துடைப்பக்குச்சியில் கோத்துக்கொண்டே போனால் வீட்டுக்கு வரும்போது கை நீளத்துக்கு ஒரு சரம் சேர்ந்திருக்கும். மைதானத்தில் தூங்குமூஞ்சி மரத்துக் காய். கறுப்பாக, பிசுபிசுவென்று, தித்திப்பாக இருக்கும். கிடாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள் பூச்சிக்காக வேப்பங்கொழுந்து. அதைக் கிடாவும் என்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தின்னும்.

எங்கள் கொல்லை மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் மதாம் வீட்டுத் தோட்டம். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே சொந்தக்காரருடையதாம். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர்க்காரர்தான், மாநிறம், நூல்சேலை. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இறந்துபோனவர். அதனால் காகிதத்தில் பிரெஞ்சுக்காரர். மகன் பிரான்சில். வீட்டில் மதாமும் ஒரு நாயும் மட்டும். நாயின் பெயர் கப்பித்தேன். கேப்டன் என்று அர்த்தம்.

"அவரு கடைசி வரைக்கும் வெறும் சொல்தாவாவே இருந்துட்டாரு. வீட்டுல ஒருத்தராவது கப்பித்தேனா இருக்கட்டும்" என்று மதாம் சிரிப்பார்.

சொல்தா உடுப்பில் அவர் வீட்டுக்காரர் நிற்கும் படத்துக்குத் தங்க வர்ணச் சட்டம் போட்டுக் கொடுத்தது அத்தாதான். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் மதாம் எனக்குக் காப்பியும் ரஸ்க்கும் கொடுப்பார். இரண்டு வீட்டுக்கும் அவ்வளவு பழக்கம். நாய் விஷயத்தில் மட்டும் அம்மா கறார். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. கப்பித்தேனோ அந்தச் சின்னக் கதவு திறந்தால் போதும், நேரே வந்து கிடாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். வயசான நாய். வெயில் காலத்தில் முதுகில் சொறி வந்து, மதிலில் உரசி உரசி அந்த இடத்தில் சுண்ணாம்பே போய்விட்டது. கிடா அதன் காதை முகர்ந்து பார்க்கும். இரண்டுக்கும் அப்படி ஒரு சிநேகம்.

மதாம் தோட்டத்தின் பின் மதிலோரம் மூன்று சவுண்டல் மரங்கள் இருந்தன. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் கன்று கொடுத்து வைக்கச் சொன்னது. புளிய இலை மாதிரி பொடி இலை, மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. எந்த வெயிலுக்கும் வாடாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். எங்கள் கிடாவைப் பார்க்க வந்த அன்றைக்குக் கம்பவுண்டர் ஒரு கொத்தை ஒடித்து அம்மாவிடம் காட்டினார்.

"பாயம்மா, இது எல இல்ல, பருப்பு. அவ்ளோ சத்து. கெடா மளமளன்னு ஏறும். ஆனா மூணுல ஒரு பங்குதான் போடணும். ரெண்டு பங்கு வேற தழ. ஒடிச்ச ஒடனே போடாம கொஞ்சம் வாட விட்டுப் போடுங்க. ருசி கண்டா இதத் தவிர வேற தொடாது, ஜாக்கிரத."

"எங்கிட்ட சொல்லாதீங்க. தழையெல்லாம் எம்பொண்ணு பொறுப்பு" என்றார் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார். "புரிஞ்சிதா?" என்றார். நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு இன்றுவரை வழியில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். கத்தரி வெயில். மீன்காரம்மா தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார், பூவரசு நின்றது. வாட்ச்மேன் தாத்தாவுக்குப் பதில் வேறு ஆள் வந்தார், ஆலங்கிளையும் நின்றது. தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. இதெல்லாம் சாக்கு என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பலாமரம் அங்கேயேதான் இருந்தது, மைதானமும் அங்கேயேதான் இருந்தது. எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். சின்னக் கதவைத் திறந்தால் பத்தடியில் சவுண்டல். ஒரு தொரட்டி, நாலு இழுப்பு, கைநிறையத் தழை. மிச்ச நேரமெல்லாம் மதாம் வீட்டு ரேடியோவும் ரஸ்க்கும்.

முதலில் பாதிக்குப் பாதி போட்டேன். அப்புறம் முழுக்க அதுவே. கிடாவும் கம்பவுண்டர் சொன்ன மாதிரியே ஆனது, பலா இலையைக் காட்டினால் முட்ட வந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மா கேட்பார், "கலந்து போட்டியாடி?" நான் பாண்டி ஆடிக்கொண்டே, "போட்டேம்மா" என்பேன்.

கிடா சும்மா திமுதிமுவென்று ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். தொடை திரண்டது, முதுகு பலகையானது. அத்தா கடையிலிருந்து வந்ததும் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கை கால் கழுவுவார். "தழை விஷயத்துல எம்பொண்ண அடிச்சிக்க ஆளு கெடயாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிடாவைக் குளிப்பாட்டினேன். முதுகைத் தேய்த்த கையோடு ஒரு கொத்து முடி வந்தது. வாலைப் பிடித்தேன், வால் முடி மொத்தமும் கையில் இருந்தது. சத்தம் போடாமல் முடியைக் கழிவு வாய்க்காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று நாள் கோணியைப் போர்த்தி மறைத்தேன். வெயில் காலத்தில் கிடாவுக்குப் போர்வை எதற்கு என்று அம்மா கோணியை இழுத்தார்.

"யா அல்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து அழுதான்.

அத்தா கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் கூட்டி வந்தார். ஹஜ்ரத் குனிந்து பார்த்துவிட்டு, "முடி மட்டும் கொட்டினா குத்தமில்ல பாய். சொறின்னா ஆகாது, அது கறியக் கெடுக்கும். எதுன்னு ஆஸ்பத்திரில கேட்டுத் தெளிவாக்கிக்குங்க" என்றார். கம்பவுண்டர் ஊரில் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். அத்தா கிடாவுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காரல்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அம்மாவின் கண் மதிலுக்குப் போனது. சுண்ணாம்பு போன இடம். அதற்குக் கீழே கப்பித்தேன், முதுகைச் சொறிந்துகொண்டு.

"அதான பாத்தேன்! நாய்ச்சொறி ஒட்டிக்கிச்சு" என்றார் அம்மா.

யாருமே சந்தேகப்படவில்லை. எனக்கும்தான் அது எவ்வளவு சவுகரியமாக இருந்தது! கொஞ்ச நேரம் நானே நம்பினேன்.

அத்தா சின்னக் கதவருகே நின்று மதாமைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "மதாம், தப்பா எடுத்துக்காதீங்க. கெடாய்க்கு முடி கொட்டுது. ஒங்க நாயிகிட்டேர்ந்து வந்திருக்கும் போல. குர்பானிக்கு விட்டது, அதான்…"

மதாம் கிடாவைப் பார்த்தார். தன் நாயைப் பார்த்தார். "மோன் தியே, கடவுளே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் கட்டிப்போட்டிருக்கணும் பாய். என் தப்புதான்" என்றார்.

அன்று சாயங்காலமே அத்தா கடையிலிருந்து சட்டக்கட்டை கொண்டு வந்து அந்தக் கதவின் குறுக்கே ஆணி அடித்தார். தங்க வர்ணப் பூ வேலை போட்ட கட்டை. வேறு கட்டை கைக்கு அகப்படவில்லை போலிருக்கிறது.

கம்பவுண்டர் நாலைந்து நாள் கழித்து வந்தார். கிடாவின் தோலை விரித்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தோல் சுத்தமா இருக்கே. பொறுக்கு இல்ல, புண்ணு இல்ல. சவுண்டல் மட்டும் போட்டீங்களா பாயம்மா? அதத் தனியா போட்டா இப்படித்தான் கொட்டும். நிறுத்துனா வந்துடும்."

"அய்யோ இல்லீங்க, கலந்துதான் போட்டோம். இவளக் கேளுங்க" என்றார் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "சவுண்டல்தான் போட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெறும் முடிதான், சொறி இல்லை என்று ஆகியிருக்கும். அத்தாவுக்கு அந்த நிமிஷமே பாரம் இறங்கியிருக்கும். அடிக்குப் பயந்து நான் வாயை மூடவில்லை, அத்தா கைநீட்டியதே கிடையாது. ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாரே, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"கலந்துதான் போட்டேன்" என்றேன்.

"நெசமா?"

"நெசமா. மூணுல ஒரு பங்கு."

கம்பவுண்டர் குனிந்து கிடாவின் முதுகை இன்னொரு தடவை சுரண்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப ஆரம்பச் சொறியா இருக்கலாம். வேப்பெண்ணெயக் காய்ச்சித் தடவுங்க. அந்த நாய்ப் பக்கம் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அதற்குப் பிறகு நான் தழைக்கு அலைந்த அலைச்சலை யாரும் அலைந்திருக்க முடியாது. கொதிக்கிற ரோட்டில் மைதானத்துக்கு ஓடினேன், பலா இலைச் சரம் இரண்டு இரண்டாகக் கொண்டு வந்தேன், புது வாட்ச்மேனிடம் கெஞ்சி ஆலங்கிளை வாங்கினேன். கிடா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் தின்றது. கதவுதான் ஆணி அடித்து மூடியாயிற்றே, சவுண்டலுக்கு வழியில்லை. பதினைந்து இருபது நாளில் முதுகில் வெல்வெட் மாதிரி புது முடி எட்டிப் பார்த்தது.

"பாத்தியா? நாய் வர்றது நின்னுச்சு, முடி வந்துடுச்சு" என்றார் அம்மா. அத்தா தலையாட்டினார். தெருவே தலையாட்டியது. கதவு மூடியபோது நின்றது நாய் மட்டுமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் ஆலந்தழையை உதறிக்கொண்டிருந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பித்தேனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அது வாழ்நாளில் கயிறு பார்க்காத நாய். பகலெல்லாம் ஊளையிட்டது. கிடா காதை நிமிர்த்திக்கொண்டு மதிலையே பார்க்கும். ஒரு நாள் ஊளை நின்றது. ஊருக்கு வெளியே மாந்தோப்பு வைத்திருந்த பால்காரரோடு நாயை அனுப்பிவிட்டாராம் மதாம். அங்கே போய் அது சோறு தொடவில்லை. தோப்புக் கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து செத்துப்போனது. பால்காரர் இதை எங்கள் வாசலில் நின்று பால் ஊற்றிக்கொண்டே சொன்னார். "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் அம்மா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

பக்ரீது வந்தது. ஹஜ்ரத் கிடாவின் முதுகைத் தடவி, பல்லைப் பிடித்துப் பார்த்து, "மாஷா அல்லா, ஒரு கொறையும் இல்ல" என்றார். அத்தா புதுச் சட்டையில், ஏறக்குறைய பழைய அத்தாவாக, முதல் தடவையாகக் கொடுக்கிற கையாக வாசலில் நின்றார். வாங்க வந்தவர்களிடமெல்லாம் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "இவ வளத்தது."

மதியம் அம்மா ஒரு தூக்கில் பிரியாணி வைத்து மூடினார். "மதாமுக்குக் கொண்டு போயிக் குடு. என்ன இருந்தாலும் பக்கத்து வீடு" என்றார். கொல்லை வழி இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

மதாம் கதவைத் திறந்தார். நாய் குரைக்காத அந்த வீடு எனக்குப் புதிதாக இருந்தது. தூக்கை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

"கெடா நல்லபடியா ஆச்சாம்மா?"

"ஆச்சு மதாம்."

"அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அத்தாகிட்டயும் சொல்லிட்டேன். ஒங்கிட்டதான் சொல்லல. நீதான அத வளத்தவ. எலய ஒடிக்க நீ எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன். என் நாயால எல்லாம் வீணாகப் பாத்துச்சு. மன்னிச்சிக்கோம்மா. பெரியவ கேக்கிறேன்னு பாக்காத, மன்னிச்சிக்கோ."

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா இல்லை, அத்தா இல்லை, கம்பவுண்டர் இல்லை. எந்த முகத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப் போவதில்லை.

"பரவால்ல மதாம். மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். பெரிய மனுஷி மாதிரி, "இனிமே நாய் வளக்காதீங்க" என்றும் சொன்னேன்.

"சரிம்மா" என்றார்.

அதன் பிறகு பதினாலு வருஷம் அந்த வீட்டில் தனியாக இருந்தார். வளர்க்கவில்லை.